நேரில் வந்த தகப்பன்

“பெயர்: பீரான். தகப்பன் பெயர்: குஞ்ஞஹமது. தேசம்: பாகிஸ்தான். நிரந்தர முகவரி: கராச்சி. மொழி: உருது. இந்தியாவுக்குள் வந்த நோக்கம்: சுற்றுப்பயணம். அனுமதித்த காலம்: மூன்று மாதம். அடையாளம்: வலது புறங்கையில் தீக்காயத் தழும்பு.”

மாங்கடவு போலீஸ் நிலையத்தில் வெளிநாட்டவருக்கென்று தடித்த பதிவேடு ஒன்று உண்டு. அதில் ஒரே ஒரு பக்கம்தான் நிரம்பியிருந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான். இதில் பெயர்களைக் கழித்துவிட்டால் தழும்பு மட்டும் உண்மை. டீக்கடைக் கெண்டியின் ஆவி போட்டது.

இந்தச் சுற்றுலாப் பயணி பிறந்த வீடு போலீஸ் நிலையத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில் இருந்தது. சரியாகச் சொன்னால், அவர் பிறந்தபோது போலீஸ் நிலையமே கிடையாது. அது முப்பத்தெட்டில் கட்டியது. அஸ்திவாரத்துக்கு ஆற்று மணல் சுமந்தவர்களில் பதினாறு வயது பீரானும் ஒருவர். நியாயமாகப் பார்த்தால் அவர் வருகையை நிலையம் பதிவு செய்வதைவிட, நிலையத்தின் வருகையை அவர் பதிவு செய்திருக்கலாம். உருது என்று பார்த்தால் பன்னிரண்டு வார்த்தை தெரியும். சர்க்கரை குறைவு, பால் அதிகம், இதோ வருகிறது, கொஞ்சம் பொறுங்கள், இந்த வகை.

எங்கள் திரூர் தாலுகாவில் அந்தக் காலத்தில் பதினேழு வயது மாப்பிள்ளைப் பையன் (மலபார் முஸ்லிமுக்கு அதுதான் பெயர்) ஊரிலேயே நின்றால் அவனுக்கு ஏதோ வியாதி என்று அர்த்தம். கொழும்புக்கோ ரங்கூனுக்கோ பம்பாய்க்கோ போய்விட வேண்டும். பீரான் கராச்சிக்குப் போனார், அங்கே டீக்கடை வைத்திருந்தவர் தானூர்க்காரர் என்பதால். திரூரில் ரயில், பம்பாயில் கப்பல், அவ்வளவுதான். பம்பாயோடு நின்றுவிடுகிறவனைக் கேட்காத எதையும் கராச்சி வரை போகிறவனையும் யாரும் கேட்கவில்லை. நாற்பத்து மூன்றில் வந்து இய்யாத்துட்டியை நிக்காஹ் செய்துகொண்டார். நாற்பத்தாறில் ஒரு தடவை வந்துபோனார். மறியம், பாத்தும்மா என்று இரண்டு பெண்கள் பிறந்தார்கள்.

நாற்பத்தேழில் நாடு இரண்டாயிற்று. அன்றைக்குக் கடையில் பால் மொத்தமும் திரிந்துபோனது, அதுதான் பீரானுக்கு நினைவிருந்தது. கோடு போட்டவர்கள் மதத்தை வைத்துப் போட்டார்கள். மலபார் மாப்பிள்ளை ஒருவன் கராச்சியில் நின்று டீ ஆற்றிக்கொண்டிருப்பான் என்பது அவர்கள் கணக்கில் வந்திருக்காது. வந்திருந்தாலும் அவனை எந்தப் பக்கம் வைப்பது என்று முடிவு செய்திருக்க முடியாது. தொழுகையை வைத்துப் பார்த்தால் அவன் அந்தப் பக்கம். சோறு, பேச்சு, பெண்டாட்டி, பிள்ளை, தென்னை என்று வேறு எதை வைத்துப் பார்த்தாலும் இந்தப் பக்கம்.

சில வருஷத்தில் பாஸ்போர்ட் என்று ஒன்று வந்தது. ஐம்பத்தைந்தில் ஊருக்குப் புறப்பட்ட பீரான் உருது தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு கராச்சி அலுவலகத்து ஜன்னலில் போய் நின்றார். அங்கே நடந்த பேச்சை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

“திரூருக்குப் போகணும்.”

“அது இந்தியாவாச்சே. பாஸ்போர்ட் வேணும்.”

“எந்த பாஸ்போர்ட்?”

“எந்தன்னா? இங்க ஒண்ணுதான் குடுப்போம்.”

“அதக் காட்டுனா என் வீட்டுக்கு விடுவாங்களா?”

“விசா குத்துனா விடுவாங்க.”

பீரான் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்குப் போவதற்காக ஒரு மனுஷன் வெளிநாட்டவன் ஆனான். எங்கள் தாலுகாவில் இந்தத் தவறைச் செய்தவர் அவர் ஒருவர் அல்ல. நூற்றுக்கணக்கான பேர் செய்தார்கள். அத்தனை பேரும் ஒரே காரணத்துக்காகச் செய்தார்கள்.

மூன்று மாதம் இருந்துவிட்டு, சொன்ன தேதியில் ஒழுங்காகத் திரும்பிப் போனார். அந்த வருஷக் கடைசியில் மூன்றாவது மகள் சைனபா பிறந்தாள். அறுபத்தொன்றில் மறுபடி வந்தார். மறுபடியும் விசா மூன்று மாதம்தான். இந்தத் தடவை ஒழுங்கு போதும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. போகவில்லை.

வந்துவிட்டாரே தவிர, வீட்டில் அவருக்கு இடம் இருக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது வேறு. இருபது வருஷம் ஆள் இல்லாத இடத்தில் நெற்பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அவர் ஏதாவது கேட்டால் மூத்த பெண்கள் இரண்டு பேரும் உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். இய்யாத்துட்டி அவருக்குச் சோறு போடும்போது, விருந்தாளிக்குப் போடுவதுபோல் முதல் அகப்பையைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டாள். தோட்டத்துக் கோடியில், தோட்டுக் கரையை, அதாவது ஓடைக் கரையை ஒட்டி ஓலை வேய்ந்த அறை ஒன்று போட்டுக்கொண்டு அதில் இருந்தார் பீரான். போலீஸ் வந்தால் வீட்டுக்குள் நுழைய வேண்டாமே என்று காரணம் சொன்னார். காரணம் சரியானதுதான். ஆனால் போலீஸ் வராத நாளிலும் அவர் அங்கேதான் இருந்தார்.

சைனபா மட்டும் வேறு. அவர் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது முடிந்திருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் ‘வாப்பா’ என்று கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். தினமும் காலையில் தோட்டுக் கரைக்கு நடந்துபோய், அவர் ஆற்றித் தரும் டீயைக் குடித்துவிட்டு வருவாள்.

மாதத்தின் முதல் தேதியில் பீரான் நிலையத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டு அச்சுதக் குறுப்பு பதிவேட்டைத் தள்ளுவார்.

“என்ன பாகிஸ்தான், சுற்றுப்பயணம் எப்படிப் போகுது?”

“சுத்திட்டுத்தான் இருக்கேன் ஏட்டே. இன்னிக்குக் காலையில வாழைக்குத் தண்ணி விட்டேன்.”

இப்படிப் பதினைந்து வருஷம் ஓடியது.

எழுபத்தேழு மார்ச்சில் தேர்தல் வந்தது. ஓட்டுப் போடும் நாளில் ஊரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். வீடுகளில் அடுப்பு எரியாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு நாள் மாங்கடவு ஊரில் பீரான் ஒருவர்தான் குடியிருப்பார், அவரோ ஊர்க்காரர் இல்லை. தெருவில் நடந்தால் தன் செருப்புச் சத்தம்தான் காதில் விழும் என்று ஒரு தடவை சொன்னார். அந்த மார்ச்சில் கெண்டி நிறைய டீ போட்டுத் தூக்கிக்கொண்டு அவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாசலுக்குக் கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். குறுப்பு அங்கே காவல்.

“பீரானே, கோட்டைத் தாண்டாதே.”

“தாண்டல ஏட்டே. நமக்கும் கோட்டுக்கும் பழக்கம்தானே.”

வரிசையில் நின்றவர்களுக்குக் கோட்டுக்கு வெளியே நின்றே டீ ஊற்றினார். சைனபாவுக்கு அதுதான் முதல் ஓட்டு. வெளியே வந்தவள் மை வைத்த விரலை அவரிடம் நீட்டினாள். அவர் அதைப் பிடித்துப் பார்த்தார். புதுச் செருப்பைப் பார்க்கிறவர் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணியில போகுமா?”

“போகாது வாப்பா. ஒரு மாசம் இருக்கும்.”

“நல்ல மை” என்றார்.

சைனபாவுக்கு இருபத்தொரு வயதாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் அது தாமதம். இரண்டு சம்பந்தம் வந்து, ‘பாகிஸ்தான்காரன் மகளா’ என்று திரும்பிப் போயிருந்தன. மூன்றாவதாக வந்தவன் அலவிக்குட்டி. நிலம்பூர் மரக் கிடங்கில் வேலை. அவன் வீட்டாரும் இழுத்தார்கள். அவன், “நான் கட்டப்போறது பொண்ணை. அவ வாப்பாவோட பாஸ்போர்ட்டையா கட்டப்போறேன்?” என்று கேட்டு வாயை அடைத்துவிட்டான். மே எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ், நெய்ச்சோறு விருந்து என்று நாள் குறித்தார்கள்.

நிக்காஹ் என்பது எங்களிடம் ஆண்கள் விவகாரம். பெண் வீட்டுக்குள் இருப்பாள், அவளிடம் சம்மதம் முன்பே கேட்டாகிவிடும். தகப்பன் மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்து, ‘என் மகளை உனக்குத் தந்தேன்’ என்று சொல்ல வேண்டும். தகப்பன் தொலைவில் இருந்தால், அல்லது சிறையில் இருந்தால், காஜியார் அவர் இடத்தில் நின்று கொடுப்பார். மார்க்கத்தில் இதற்கு வழி உண்டு, குறையே இல்லை. அறுபதில் மூத்தவள் மறியத்துக்கு நிக்காஹ் நடந்தபோது பீரான் கராச்சியில் இருந்தார். காஜியார் கொடுத்தார். அறுபத்தைந்தில் பாத்தும்மாவுக்கு நாள் குறித்திருந்தபோது சண்டை மூண்டு, ‘எதிரி நாட்டவர்’ என்று பீரானை ஏழு மாதம் சிறையில் வைத்தார்கள். மறுபடி காஜியார் கொடுத்தார். எதிரி அன்று வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த இடத்தில்தான் பிடிபட்டார்.

மே இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, குறுப்பு தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தோட்டுக் கரைக்கு வந்தார். பெஞ்சில் உட்காரவில்லை.

“பீரானே, புது எஸ்.ஐ. பழைய ஃபைலெல்லாம் தூசி தட்டறார். புதன்கிழமை பத்து மணிக்கு நீ ஸ்டேஷனுக்கு வந்துடணும். ரெண்டு மணி ரயில்ல உன்னை பார்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க.”

“ஞாயித்துக்கிழமை கல்யாணம் ஏட்டே.”

“சொன்னேன். வெளிநாட்டுக்காரனுக்கு இங்க எப்படிக் கல்யாணம்னு கேட்டார்.”

அன்று சாயங்காலம் வீட்டில் கூடிப் பேசினார்கள். பள்ளிவாசல் பதிவேட்டை எழுதுகிறவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொழுகை நடத்தும் கத்தீபு குஞ்ஞாப்பு முஸ்லியார் பிரச்சினையே இல்லை என்ற தோரணையில் வெற்றிலை மென்றார்.

“காஜியார் நிப்பார். ரெண்டு தடவை நின்னவர்தானே. பழகிப்போச்சு.”

இய்யாத்துட்டி கதவுக்குப் பின்னாலிருந்து, “பொன்னானியில நாத்தனார் வீட்ல போய் ஒளிஞ்சிக்கச் சொல்லுங்க. அவருக்குத் தெரியாததா” என்றாள்.

“ஒளிஞ்சா ஜீப் கல்யாண வீட்டுக்குத்தான் வரும்” என்றார் பீரான். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நெய்ச்சோத்துல கைவெக்கற நேரமா பாத்து வரும்.”

“அப்ப காஜியார்தான்” என்றார் முஸ்லியார்.

பீரான் கொஞ்ச நேரம் தழும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “அவர் குடுத்த ரெண்டு பிள்ளைகளும் நல்லாத்தான் இருக்குதுங்க. குறை சொல்லல. ஆனா மூணாவதுக்கும் நான் தூரத்துலதானா முஸ்லியாரே? இந்தத் தடவை நான் எங்கயும் போகலியே, இங்கதானே இருக்கேன்.”

அப்போது சைனபா வெளியே வந்தாள். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கல்யாணப் பெண் வருவது வழக்கமில்லை. முஸ்லியார் மெல்வதை நிறுத்தினார்.

“வாப்பா கைபிடிச்சுக் குடுத்தா நிக்காஹ். இல்லாட்டி அவர் போயிட்டு வரட்டும். நான் இருக்கேன்.”

“போயிட்டு வர்றது எப்போ? வருஷமா, ரெண்டு வருஷமா? அதுவரைக்கும் அவங்க காத்திருப்பாங்களா?” என்றாள் உம்மா.

“காத்திருக்காட்டி போகட்டும்.”

இரண்டு சம்பந்தம் தட்டிப்போன வீட்டில் இதைச் சொல்வது விளையாட்டு அல்ல. பீரான் முஸ்லியார் பக்கம் திரும்பினார்.

“முஸ்லியாரே, நிக்காஹ் பள்ளியிலதான் செய்யணுமா?”

“எங்க வேணா செய்யலாம். இடம் சுத்தமா இருந்தாப் போதும்.”

“போலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரம்?”

முஸ்லியார் யோசித்தார். படித்த கிதாபு அத்தனையையும் உள்ளே ஒரு தடவை புரட்டியிருப்பார். “கூடாதுன்னு எங்கயும் பாத்ததில்ல” என்றார்.

நிக்காஹ் புதன்கிழமை, விருந்து குறித்தபடி ஞாயிறு என்று மாப்பிள்ளைக்குத் தந்தி அடித்தோம். மரக் கிடங்கு காட்டுக்குள் இருக்கிறது. தந்தி செவ்வாய் மத்தியானம் கிடைத்து, புதன் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் வந்து சேரப் பகலாகிவிடும். அதனால்தான் வீட்டில் வைத்துச் செய்ய முடியாது என்று ஆனது. பத்து மணிக்கு பீரான் நிலையத்தில் இருந்தாக வேண்டும், மாப்பிள்ளை அதற்குள் வர முடியாது.

பதினைந்து வருஷத்தில் நாடு கடத்தும் உத்தரவோடு போலீஸ் வந்தபோதெல்லாம் வேலி தாண்டி ஓடிய மனுஷன், புதன்கிழமை வெள்ளை வேட்டி சட்டையில், தலையில் உருமால் கட்டிக்கொண்டு, பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நிலையத்துக்குள் நுழைந்தார். எஸ்.ஐ. கோர்ட்டுக்குப் போயிருந்தார். கூட்டிப் போவதற்கு நியமிக்கப்பட்ட கான்ஸ்டபிள் செய்தாலி, எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் மஹல்காரன், பெட்டியோடு தயாராக இருந்தான். பதினொன்றாயிற்று, பன்னிரண்டாயிற்று. பீரான் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் கால் விரல்களை மடக்குவார், பஸ் நிற்காமல் போனதும் விரிப்பார்.

பன்னிரண்டே காலுக்கு அலவிக்குட்டி வந்தான், சட்டையில் மரத்தூளோடு. சாட்சிக்கென்று கூட்டி வந்த தாய்மாமன் கேட் வரை வந்தார். போலீஸ் நிலையம் என்ற பலகையைப் படித்ததும் அவருக்கு சந்தையில் அவசர வேலை ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

“ஒரு சாட்சி குறையுதே” என்றார் முஸ்லியார். முதல் சாட்சி நான்.

“உள்ள ஒருத்தன் இருக்கான், காசு வெச்சு சீட்டாடிப் பிடிபட்டவன். உங்காளுதான். எடுத்துக்கறீங்களா?” என்றார் குறுப்பு.

“சூதாடி சாட்சியா நிக்க முடியாது.”

“இன்னும் நிரூபணம் ஆகல முஸ்லியாரே.”

“அல்லாவுக்கு நிரூபணம் ஆயிடுச்சு.”

எல்லாருடைய பார்வையும் செய்தாலி மேல் போனது. அவன் குறுப்பைப் பார்த்தான். “நான் டியூட்டியில இருக்கேன் ஏட்டே.”

“பாக்கறதுதான் உன் டியூட்டி. இதையும் பாரு.”

பீரான் கிணற்றில் முகம் கை கால் கழுவிவிட்டு வந்தார். நான் கொண்டுபோன பதிவேட்டை மேசையில் வைத்தேன். நிலையத்துப் பதிவேட்டுக்கும் அதே கறுப்பு அட்டை. குறுப்பு இரண்டையும் பார்த்துவிட்டு, “எதுல மாட்டுனாலும் வெளிய வர்றது கஷ்டம் தம்பி” என்று மாப்பிள்ளையிடம் சொன்னார். முஸ்லியார்கூடச் சிரித்துவிட்டார். பிறகு ஓத ஆரம்பித்தார்.

பீரான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். தழும்பு மேலே தெரிந்தது. சொல்ல வேண்டியதை ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார். பதினேழு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார் போல. அலவிக்குட்டி ஏற்றுக்கொண்டேன் என்றான். பீரான் கையை விடவில்லை.

“முடிஞ்சிடுச்சு, விடலாம்” என்றார் முஸ்லியார்.

“தெரியும்” என்றார் பீரான். இன்னும் கொஞ்சம் பிடித்திருந்துவிட்டு விட்டார்.

இரண்டு மணி ரயிலில் அவரை ஏற்றினார்கள். வீட்டுக்குப் போய் வர நேரம் இருந்தது, குறுப்பும் போகச் சொன்னார். பீரான், “வேண்டாம், போனா அழுவா. அழுதா நான் ஓடிடுவேன்” என்று சொல்லிவிட்டார்.

மற்றதெல்லாம் செய்தாலி சொல்லித் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் பஞ்சாபில் எல்லைக்குப் பக்கத்துக் காவல் சாவடி ஒன்றின் பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பீரான் மணி கேட்டார். பன்னிரண்டரை என்றதும், “நெய்ச்சோறு இறக்கியிருப்பாங்க” என்றார். அடுத்த நாள் அந்தப் பக்கத்து அதிகாரி வந்து உருதுவில் என்னவோ கேட்டார். பீரான் தெரிந்த பன்னிரண்டு வார்த்தைகளில் இரண்டைச் சொன்னார். அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். அது அறுபத்தைந்திலேயே காலாவதி. கராச்சியில் அந்த டீக்கடையே இப்போது இல்லை என்று விசாரித்துச் சொன்னார்கள். ‘இவர் எங்கள் ஆள் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவரைப் பற்றி ஓர் அரசாங்கம் எழுதிய முதல் சரியான வாக்கியம் அதுதான். எழுதியது பாகிஸ்தான்.

பத்தொன்பதாவது நாள் செய்தாலி அவரைத் திரும்பக் கூட்டி வந்தான். நிலையத்தில் மறுபடி பதிந்தார்கள். வந்த நோக்கம்: சுற்றுப்பயணம்.

சைனபா அதற்குள் நிலம்பூருக்குப் போய்விட்டிருந்தாள். தோட்டுக் கரை அறையில் அவர் காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பார், பிறகு ஒன்றைக் கவிழ்த்து வைப்பார். இன்னும் பதினான்கு வருஷம் இருந்தார். முதல் தேதிகளில் கையெழுத்துப் போட்டார். தேர்தல் நாட்களில் கோட்டுக்கு வெளியே நின்று டீ ஊற்றினார். தொண்ணூற்றொன்றில் இறந்தார். பள்ளிவாசல் மண்ணில் அடக்கினோம். நிலையத்துப் பதிவேட்டில் ‘நாட்டை விட்டு வெளியேறிய தேதி’ என்ற கட்டத்தில் அந்தத் தேதியைப் போட்டார்கள்.

பள்ளிவாசல் பதிவேடு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. மறியம் நிக்காஹ், கொடுத்தவர் காஜியார், தகப்பன் கராச்சி. பாத்தும்மா நிக்காஹ், கொடுத்தவர் காஜியார், தகப்பன் சிறை. சைனபா நிக்காஹ், கொடுத்தவர் தகப்பன், நேரில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழு மே நான்காம் தேதி புதன்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு, மாங்கடவு போலீஸ் நிலையத் தாழ்வாரத்தில், பீரான் தன் மகளைத் தன் கையால் நிக்காஹ் செய்து கொடுத்தார்.